கூட்டாட்சி என்றால் கூட்டணி ஆட்சி இல்லை

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் 'கூட்டாட்சி' என்ற சொல் தாராளமாகப் புழங்கும். நாலு கட்சி சேர்ந்து மந்திரிசபை அமைத்தால் கூட்டாட்சி என்கிறார்கள். அது கூட்டணி ஆட்சி. ஒரே கட்சி தனிப் பெரும்பான்மையோடு டெல்லியில் இருந்தாலும் நாடு கூட்டாட்சியாக இருக்கலாம், இருபது கட்சி சேர்ந்து ஆண்டாலும் ஒற்றையாட்சியாக, அதாவது எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் இருப்பதாக, இருக்கலாம். இந்தக் குழப்பத்தில் 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்ற பழைய முழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சுவர் சுவராக எழுதிப் போட்ட வரி அது. 'மத்தியில்' என்று முன்னால் வந்துவிட்டதால், டெல்லியில் பல கட்சிகள் சேர்ந்து உட்காருவதுதான் கூட்டாட்சி என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பொருள் என்ன? அதிகாரம் இரண்டு மட்டத்தில் பிரிந்திருக்க வேண்டும், அந்தப் பிரிவினை அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அதை ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாமல் இருக்க வேண்டும். ராதாபுரம் தாலுகாவில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். அணுசக்தி, டெல்லி சட்டம் போடும் விஷயங்களை அரசியல் சட்டம் வரிசைப்படுத்திய ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, அதனால் முடிவெடுப்பது டெல்லி. வெளியே போராட்டம் நடந்தால் வந்து நிற்கிற போலீஸ், மாநிலங்களுக்கான மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு அரசு, ஒரே ஊர். ஆனால் பிரித்துக் கொடுத்தால் மட்டும் கூட்டாட்சி ஆகிவிடாது. கொடுத்தவரே திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியும் என்றால் அதற்குப் பெயர் வெறும் அதிகாரப் பரவல்தான்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபெடரல்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'ஃபோய்டுஸ்', உடன்படிக்கை என்று அர்த்தம். நம்பிக்கையைக் குறிக்கும் 'ஃபிடெஸ்' அதற்கு உறவுச் சொல். நம் சொல் 'கூடு' என்ற வினையிலிருந்து வந்த கூட்டும், 'ஆள்' என்பதிலிருந்து வந்த ஆட்சியும் சேர்ந்தது. நெல்லையில் சிநேகிதனையும் கூட்டாளி என்போம், தொழிலில் பங்கு போட்டவரையும் கூட்டாளி என்போம். ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கீழே இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பாக வந்த சொல் என்றாலும் கூட்டாட்சி நன்றாகவே பொருந்துகிறது.

மலேசியத் தமிழர்கள் கூட்டரசு என்கிறார்கள், கோலாலம்பூர் அவர்களுக்குக் கூட்டரசுப் பிரதேசம். இலங்கையில் வழங்குவது சமஷ்டி. அது வடமொழிச் சொல், மொத்தம், முழுமை என்று பொருள். அந்த முழுமையைக் குறிக்கும் சொல்தான் அங்கே பிரிவினையின் மறுபெயராக ஆக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இத்தனைக்கும் 1926-இலேயே இலங்கைக்கு சமஷ்டிதான் ஏற்றது என்று வாதாடியவர், பின்னாளில் பிரதமரான பண்டாரநாயக்க. முப்பது வருஷம் கழித்து, 1956-இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. 1949-இல் இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் தொடங்கிய கட்சிக்கு ஆங்கிலப் பெயர் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழ்ப் பெயர் தமிழரசுக் கட்சி. அந்தத் தமிழ்ப் பெயரைக் காட்டியே தனிநாடு கேட்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். அதற்குள் ஒரு போரே நடந்து முடிந்துவிட்டது.

நம் அரசியல் சட்டத்தில் 'ஃபெடரல்' என்ற சொல்லால் நாட்டைக் குறிக்கவில்லை. முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு உருவான நாடு அல்ல, அதனால் விலகும் உரிமை எவற்றுக்கும் இல்லை, அதனால்தான் அந்தச் சொல் என்று 1948 நவம்பரில் அம்பேத்கர் விளக்கினார். 2021-இல் தமிழ்நாடு அரசு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது, நாங்குநேரி யூனியன் ஆபீஸ் மாதிரி டெல்லியைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். சட்டத்தில் இருக்கிற சொல்லுக்கு நேரான தமிழ் அது, சிறுமை ஒன்றும் இல்லை.

இனி நம்ம ஊர்க் கதை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அன்றைக்குத்தான் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது, இப்போது தென்காசி மாவட்டம். ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். தமிழ் பேசும் மக்கள் கேட்டது கிடைத்தது, நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அது எந்த அதிகாரத்தில் நடந்தது? மூன்றாம் பிரிவு. ஒரு மாநிலத்தின் எல்லையை, பெயரை, ஏன் அந்த மாநிலத்தையே மாற்ற நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும், சம்பந்தப்பட்ட சட்டமன்றத்திடம் கருத்து மட்டும் கேட்டால் சரி, சம்மதம் வேண்டியதில்லை. அதே பிரிவை வைத்துத்தான் 2019-இல், ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே கலைந்து கிடந்த நேரத்தில், ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக ஆனது. செங்கோட்டைக்காக சந்தோஷப்பட்ட நாம் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பல மதம் இருக்கிற நாட்டில் கூட்டாட்சி வந்தால் மதத்துக்கு ஒரு மாநிலம் என்று உடைந்து போகுமே என்று பயப்படுகிறவர்கள் ஒருநாள் இங்கே வந்து பார்க்கட்டும். டவுனில் நெல்லையப்பர் கோயில், ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை சர்ச்சுகள், பக்கத்திலேயே மேலப்பாளையம் பள்ளிவாசல்கள். இதில் எங்கே கோடு போடுவது? கூட்டாட்சி செய்வது வேறு வேலை. நாடு முழுக்க எந்தப் பெரும்பான்மை ஜெயித்தாலும் எல்லா விஷயமும் அதன் கைக்குப் போய்விடாமல் தடுக்கிறது. நாகாலாந்துக்கு 371ஏ பிரிவு அதைத்தான் தருகிறது: நாகர்களின் மத, சமூக வழக்கங்களைத் தொடும் நாடாளுமன்றச் சட்டம் அவர்கள் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அங்கே செல்லும். அப்படி இருந்தும் நாடு உடையவில்லையே.

மற்ற இடங்களில் போக்கு தலைகீழ். கல்வியும் காடும் 1976-இல், நெருக்கடி நிலையின்போது, மாநிலப் பட்டியலிலிருந்து, இரண்டு அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போயின. சரக்கு, சேவை வரியை முடிவு செய்ய 2016-இல் அமைந்த ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லா மாநிலமும் ஒன்றாக நின்றாலும் டெல்லி இல்லாமல் ஒன்றும் நகராது. 1974-இலேயே நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது, அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: ஆட்சிமுறைக்குக் கூட்டாட்சி, அப்படி அமைந்த நாட்டுக்குக் கூட்டரசு, டெல்லி அரசுக்கு ஒன்றிய அரசு, கட்சிகள் சேர்ந்து ஆண்டால் கூட்டணி ஆட்சி. சீர்திருத்தம் என்று எதையாவது முதலில் கேட்பதானால் மூன்றாம் பிரிவில் 'கருத்து' என்று இருக்கும் இடத்தில் 'சம்மதம்' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.