தொக்குத்தெய் ஷிஸ்ஸோஷா: சொல் விளக்கம்

ஜப்பானில் பல ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன சில மாணவர்களைப் பற்றிய செய்திகளில் ‘தொக்குத்தெய் ஷிஸ்ஸோஷா’ என்ற தொடர் வரும். நேர்ப்பொருள் ‘குறிப்பிட்ட காணாமற்போனவர்’. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காது. வழக்கில் அதற்குப் பொருள் வேறு: வட கொரியா கடத்திக்கொண்டு போயிருக்கலாம் என்ற ஐயத்தைத் தள்ளிவிட முடியாத ஆள்.

‘தொக்குத்தெய்’ என்றால் குறிப்பிட்ட, ‘ஷா’ என்றால் ஆள். நடுவில் இருக்கிற ‘ஷிஸ்ஸோ’தான் முக்கியம். இரண்டு சீன எழுத்துகள் சேர்ந்த சொல் அது. முதல் எழுத்து இழத்தல், அடுத்தது காலடித் தடம். ‘சுவடு தெரியாமல் போய்விட்டான்’ என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கம். சட்டத்திலும் இது உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே ஏழு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால், உறவினர் கேட்டுக்கொண்டதன் பேரில் குடும்ப நீதிமன்றம் ‘ஷிஸ்ஸோ செங்கொக்கு’ என்ற அறிவிப்பைத் தரலாம். அதன்பின் அவர் இறந்தவராகக் கருதப்படுவார்.

வட கொரியாவோடு இந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது? அதற்கு நீகாட்டா நகரத்துக்குப் போக வேண்டும். 1977 நவம்பர் 15 மாலை, 13 வயது மெகுமி யோகோட்டா பள்ளியில் இறகுப்பந்துப் பயிற்சி முடித்து வீட்டுக்குக் கிளம்பினாள். தோழிகளிடம் விடைபெற்ற பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. மோப்ப நாய்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருமுனை வரை வந்து, அதற்கு மேல் நகரவில்லை. ஓடிப்போனாளா, விபத்தா, பணத்துக்காக யாராவது தூக்கிப் போனார்களா என்று எல்லாக் கோணத்திலும் தேடினார்கள். இருபது ஆண்டுகள் அவளுக்கு வழங்கிய சொல் ‘யுக்குவே ஃபுமெய்’, அதாவது போன திசை தெரியவில்லை. 1997இல் அவள் வட கொரியாவில் இருப்பதாகத் தகவல் வந்ததும் சொல்லே மாறியது. ‘ராச்சி’ என்றார்கள்: இழுத்துக்கொண்டு போதல்.

2002 செப்டம்பர் 17 அன்று பியோங்யாங்கில், 13 ஜப்பானியரைக் கடத்தியதை வட கொரியா ஒப்புக்கொண்டது. ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், மெகுமி உட்பட எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள் என்றது. 2004இல் அவளுடையது என்று கொடுத்த சாம்பல் வேறு யாருடையதோ என்று ஜப்பான் அரசு அறிவித்தது. எரித்த எலும்பில் எடுத்த மரபணுச் சோதனையை அவ்வளவு நம்பலாமா என்று அறிவியலாளர் சிலர் கேட்டார்கள். தந்தை ஷிகேரு யோகோட்டா விடை தெரியாமலே 2020இல் காலமானார்.

உயிரோடு இருப்பதாகச் சொன்ன ஐவரில் ஹிதோமி சோகாவின் பெயரும் இருந்தது. 1978 ஆகஸ்டில் சாடோ தீவில் தாயோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காணாமற்போன 19 வயதுப் பெண். அவரைக் கடத்தப்பட்டவராக ஜப்பான் அரசு கணக்கில் வைத்திருக்கவே இல்லை! அப்படியானால் எங்கள் வீட்டுப் பிள்ளையும் அங்கே இருக்கலாமே என்று நாடு முழுவதும் குடும்பங்கள் முன்வந்தன. 2003 ஜனவரியில் இவர்களுக்கென ஒரு தனியார் விசாரணைக் குழு உருவானது. தொக்குத்தெய் ஷிஸ்ஸோஷா பரவலானது அந்தக் குழுவின் பெயரில்தான். ‘ஷியோகாசே’ (கடற்காற்று) என்ற சிற்றலை வானொலியில் காணாமற்போனவர்களின் பெயர்களை வட கொரியாவை நோக்கி இவர்கள் ஒலிபரப்புகிறார்கள்.

அரசு உறுதியாக ஏற்றுக்கொண்ட கடத்தல் 17 பேர். ஐயத்தைத் தள்ள முடியாது என்று போலீஸ் சொல்வது ஏறக்குறைய 870 பேர். இந்த இடைவெளியை மறக்கக் கூடாது. ஐயப் பட்டியலில் இருந்த சிலர் பின்னால் ஜப்பானுக்குள்ளேயே கிடைத்திருக்கிறார்கள்.

இதற்கு முந்தைய காலத்தில் பிள்ளை காணாமற்போனால் ‘காமிகாக்குஷி’ என்பார்கள், தெய்வம் ஒளித்துவைத்துவிட்டது என்று பொருள். ஊரே மணியும் முரசும் அடித்துக்கொண்டு, ‘திருப்பிக் கொடு’ என்று கத்தியபடி மலையில் தேடும். கடனோ குடும்பச் சண்டையோ தாங்காமல் தானே மறைந்துகொள்பவருக்கு ‘ஜோஹட்சு’, அதாவது ஆவியாதல்.

சரி, தமிழில்? நம் நாளிதழ்கள் ‘மாணவி மாயம்’ என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். அது காமிகாக்குஷியின் தம்பி. ஐயத்தையும் பொறுப்பையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. ‘கடத்தப்பட்டோர்’ என்பது ராச்சிக்குச் சரி, ஆனால் இங்கே முடிந்த முடிவாகிவிடும். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற தொடரை ஈழத்து உறவுகள் யோசித்தே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்; ‘போனோர்’ என்றால் தானாகப் போனது போலாகும் என்பது அவர்கள் வாதம். அதிலும் செய்தவர் ஒருவர் உண்டு என்ற உறுதி இருக்கிறது. ஜப்பானியத் தொடரில் அந்த உறுதி இல்லை.

எனவே ஷிஸ்ஸோஷாவுக்குக் காணாமற்போனவர். தொக்குத்தெய் ஷிஸ்ஸோஷாவுக்குக் ‘கடத்தல் ஐயமுள்ள காணாமற்போனவர்’. நீளம்தான், தலைப்புக்கு ஆகாது. தலைப்பில் ‘காணாமற்போன மாணவர்’ என்று போட்டு, யார் மீது ஐயம், யாருடைய ஐயம் என்பதை முதல் பத்தியில் எழுதிவிடலாம்.