கொத்துத் தலைவலி: ஒரு ‘த்’ சொல்லும் பொருள்

கிளஸ்டர் ஹெடேக் என்ற நோய்க்குத் தமிழில் கொத்துத் தலைவலி என்று பெயர். நடுவில் நிற்கும் ‘த்’ முக்கியம். அதை விட்டுவிட்டு ‘கொத்து தலைவலி’ என்று எழுதினால் சுடுசோறு, ஊறுகாய் வரிசையில் வினைத்தொகை ஆகி, ‘கொத்துகிற தலைவலி’ என்று பொருள் மாறிவிடும். வலி கொத்தத்தான் செய்கிறது. ஆனாலும் பெயர் குறிப்பது வலியின் தன்மையை அன்று, அது வருகிற காலக்கணக்கை.

கிளஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குலை, கொத்து என்று பொருள். இங்கே கொத்தாக வருபவை வலித்தாக்குதல்கள். ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரலாம், ஒரே நாளில் எட்டு முறையும் வரலாம். பலருக்குத் தினமும் கடிகாரம் பார்த்ததுபோல் அதே வேளையில் வரும். சில வாரமோ சில மாதமோ இப்படிப் படுத்திவிட்டு, பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சுவடே இல்லாமல் போய்விடும். இடைவெளியே இல்லாமல் தொடரும் நாட்பட்ட வகையும் உண்டு.

இந்த நோய்க்கு முன்பு வேறு பெயர்கள் இருந்தன. 1926இல் லண்டன் மருத்துவர் வில்ஃப்ரெட் ஹாரிஸ் இதை மைக்ரேன் சாயலுள்ள நரம்புவலி என்றார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பேயார்ட் ஹார்ட்டன், உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று கருதி அதையே பெயரில் வைத்தார். 1952இல் குங்கிள் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் காரணத்தைத் தேடாமல், வலி கொத்துக்கொத்தாக வரும் ஒழுங்கை எழுதிவைத்தார்கள். நிலைத்தது அந்தப் பெயர்தான்.

தமிழில் சிக்கல் வேறு. மைக்ரேனை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். மைக்ரேனின் கிரேக்க வேர்ச்சொல்லுக்கும் ‘பாதி மண்டை’ என்றே பொருள். ஆனால் மைக்ரேன் இரண்டு பக்கமும் வரலாம். தாக்குதலின்போது விடாமல் ஒரே பக்கம் வலிப்பது கொத்துத் தலைவலிதான். “ஒரு பக்கம்தான் டாக்டர் வலிக்குது” என்று நோயாளி சொன்னதும் ஒற்றைத் தலைவலி என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரோடு, தனக்குப் பயன்படாத மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பொறுக்காத விஷயம் இது.

ஆளைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலிக்காரருக்குப் படுக்கவே முடியாது. நடுராத்திரியில் எழுந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நடப்பார். சிலர் சுவரில் தலையை முட்டிக்கொள்வார்கள். வலிக்கிற பக்கத்துக் கண் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கும், அந்தப் பக்கத்து மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும்.

வந்துவிட்ட தாக்குதலை நிறுத்தும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் அபார்ட்டிவ் என்பார்கள். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் கருக்கலைப்பில் போய் நிற்போம். விஷமுறிவு என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது ‘வலிமுறிப்பு’ என்று சொல்லலாமே. தாக்குதல் வராமலிருக்கத் தினமும் எடுக்கும் வெரபமில் போன்ற மருந்து ‘தடுப்பு’. முறிப்பும் தடுப்பும் வேறு வேறு. பெரும்பாலானோருக்கு இரண்டும் தேவைப்படும்.

வலிமுறிப்பில் முதலில் சொல்ல வேண்டியது ஆக்சிஜன், அதாவது உயிர்வளி. நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம், வலி தொடங்கியதுமே, 15 நிமிடமாவது சுவாசிக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 12 லிட்டர் வீதம் ஆக்சிஜன் தந்தபோது 78 சதவீதத் தாக்குதல்கள் 15 நிமிடத்தில் அடங்கின. வெறும் காற்று தந்தபோது 20 சதவீதம்தான். மூக்கில் செருகும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. கீழே பை தொங்கும், வெளிவிட்ட மூச்சு திரும்ப உள்ளே போகாத மாஸ்க் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மாஸ்க் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். பை நன்றாக உப்பியிருக்க வேண்டும். மூச்சு இழுக்கையில் அது முழுக்கச் சுருங்கிவிட்டால் வேகம் போதவில்லை.

இன்னொன்று சுமட்ரிப்டான் ஊசி. 6 மில்லிகிராமைத் தோலுக்கு அடியில் போட்டால் பலருக்கும் 15 நிமிடத்துக்குள் வலி இறங்கும். 24 மணி நேரத்தில் இரண்டு ஊசிக்கு மேல் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் போடவே கூடாது. ஊசிக்குப் பதில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் உண்டு. வாயால் விழுங்கும் வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் தாக்குதலே முடிந்துவிடும்.

ஆக்சிஜனுக்கு அப்படி இரண்டு முறை என்ற வரம்பு இல்லை. ஆனால் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் இருக்கும் அறையில் பீடி, சிகரெட், தீ எரியும் விளக்கு எதுவும் கூடாது. இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மருந்துச்சீட்டில் ‘ஆக்சிஜன்’ என்று மட்டும் இருந்தால் மூக்குக் குழாயும் 2 லிட்டர் வேகமும்தான் கிடைக்கக்கூடும். நோயின் பெயர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த மாஸ்க் என்ற மூன்றையும், அடுத்த கொத்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.