காட்டுப்பன்றியைச் சுடலாமா? 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் விதி

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. "இனி பன்றியைச் சுடலாம்" என்று அது ஊர்ப்பக்கம் பரவிவிட்டது. சுடப்போவது வனத்துறைப் பணியாளர்கள்தான். விவசாயிக்கு அந்த அனுமதி கிடையாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தாலும் இதே நிலைதான். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே சுட உத்தரவிடலாம், உரிமம் உள்ளவர்கள் சுடலாம். அந்த ஏற்பாடு இங்கே இல்லை.

எனவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. 1 கிலோமீட்டருக்குள் என்றால் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விடும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டுமே சுடலாம்.

காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். அவர்கள் நிலத்தில்தானே சேதம் அதிகம்? ஆனால் சிறுத்தைக்கும் புலிக்கும் காட்டுப்பன்றி ஓர் இரை. காட்டோரத்தில் பன்றியை ஒழித்தால், சிறுத்தை ஆட்டையும் நாயையும் தேடி ஊருக்குள் வருவது கூடும். அந்த வகையில் 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் முதல் வளையத் தடை சரி என்றே நினைக்கிறேன். 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான நடு வளையம்தான் எனக்கு உறுத்துகிறது. கடலையும் மரவள்ளியும் தின்று பழகிய பன்றி, காட்டில் விட்டால் அங்கேயே இருந்துவிடுமா? தூத்துக்குடி, விருதுநகர் போன்ற மானாவாரிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே சீமைக்கருவேலப் புதர்களில் தங்கிக்கொண்டு மக்காச்சோளத்தை அழிக்கும் பன்றிகள் பெரும்பாலும் மூன்றாவது வளையத்தில் வருகின்றன.

பன்றித் தொல்லை இருந்தால் வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் கொண்ட கிராம அளவிலான குழு அதைப் பார்க்கும். சிட்டா, அடங்கல் நகலோடு சேதத்தின் புகைப்படத்தையும் இணைத்து, மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் எந்தக் கோப்பிலும் ஏறாது. பயிர்ச் சேத நிவாரணத்துக்கும் இதே ஆவணங்கள் உதவும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ வேலிக்கு நேரடியாகக் கம்பி இழுக்காதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக வைத்த அப்படியொரு மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. 2 குட்டிகள் மட்டும் தப்பின. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும் இப்படிச் சிக்கிச் செத்திருக்கிறார்கள். முறையான சூரிய மின்வேலியில் மின்சாரம் விட்டு விட்டுக் கண நேரத் துடிப்பாகத்தான் பாயும். விலங்கு அதிர்ந்து விலகுமே தவிர, சாகாது. நேரடி இணைப்பில் மின்சாரம் நிற்காமல் ஓடுவதால் பிடித்த பிடியை விட முடியாது. அந்த மாரண்டஅள்ளி ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளையும் அரசு கொண்டுவந்தது. ஆகவே காட்டை ஒட்டிய நிலமென்றால், வேலி போடும் முன் வனத்துறையிடம் கேளுங்கள். மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். நாட்டு வெடி வைப்பதும் குற்றம்தான். அதைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் சாகும் விலங்குகளில் யானையும் உண்டு, மாடும் உண்டு.

சரி, பயிர்க் காப்பீடு உதவுமா? 2025 வரை பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்துக்கு அநேகமாக இடமே இருக்கவில்லை. 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக்கால சாகுபடி) பருவத்திலிருந்து அதைக் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். எனவே பிரீமியம் கட்டும்போதே, உங்கள் பகுதியில் காட்டுப்பன்றி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேதம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்போடு எடுத்த படங்களைப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும். காலையில் வயலைப் பார்த்தவுடன், உழுது சரிசெய்வதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.