ஹோச்சோவும் மடைக்கத்தியும்

ஜப்பானியர் சமையற்கத்தியை ஹோச்சோ என்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கத்தி இல்லை. முதல் எழுத்துக்குச் சமையற்கூடம் என்று பொருள். இரண்டாவது எழுத்து ஆள் என்ற பொருள் தரும், அல்லது ஓர் ஆளின் பெயர். ஆக, ஹோச்சோ முதலில் சமையற்காரரைக் குறித்த சொல்.

இது சீனத்திலிருந்து வந்தது. சுவாங்சி என்ற பழைய தாவோ நூலின் மூன்றாம் அதிகாரத்தில் பாவ் டிங் என்றொரு சமையற்காரர் வருகிறார். அந்தப் பெயரின் எழுத்துகளை ஜப்பானியர் படிக்கும் விதம்தான் ஹோச்சோ. அவர் வென்ஹுய் என்ற ஆட்சியாளர் முன்னால் ஒரு மாட்டை அறுக்கிறார். கத்தி நடனம் ஆடுவதுபோல் போகிறது. இவ்வளவு திறமை எப்படி வந்தது என்று கேட்கும் ஆட்சியாளருக்கு அவர் சொல்லும் பதிலின் சாரம் இது: நல்ல சமையற்காரர் ஆண்டுக்கு ஒரு கத்தி மாற்றுவார், ஏனென்றால் அவர் அறுக்கிறார். சாதாரண சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், ஏனென்றால் அவர் கொத்துகிறார். என் கத்திக்கு 19 வயது. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்திருக்கிறது. ஆனாலும் இப்போதுதான் கல்லில் தீட்டியதுபோல் இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, கத்தியின் வாய்க்கோ தடிப்பே இல்லை.

அறுப்பதும் கொத்துவதும் வேறு வேறு. ஜப்பானியக் கத்தியை வைத்துக்கொள்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஜப்பானுக்கு வந்த பின்னும் நெடுங்காலம் இந்தச் சொல் சமைப்பவரையும் சமையற்கலையையும் குறித்தது. ஹோச்சோ ஷிகி என்ற சடங்கு இன்றும் நடக்கிறது. அரசவை உடை அணிந்த சமையற்காரர் மீனைக் கையால் தொடாமல், ஒரு கையில் கத்தியும் மறு கையில் நீண்ட உலோகக் குச்சிகளுமாக அறுத்து அடுக்குவார். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபுஜிவாரா நோ யமகாகே என்ற பிரபுவை இந்தக் கலையின் முன்னோடியாகச் சொல்வார்கள். சமையற்காரர் பிடிக்கும் கத்திக்கு ஹோச்சோ கதானா, அதாவது சமையற்காரர் வாள், என்று பெயர் இருந்தது. அப்புறம் கதானா உதிர்ந்துபோய், ஹோச்சோவே கத்தியின் பெயராக நின்றுவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். திருவள்ளுவரைப் படித்தேன் என்றால் அவர் நூலைப் படித்ததாகப் பொருள்கொள்கிறோமே, அந்தக் கருத்தாவாகுபெயருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது இது. 1946இல் ஜப்பான் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் சமையற்கூடத்தைக் குறிக்கும் அந்த முதல் எழுத்து இடம்பெறவில்லை. அதே ஒலியுடைய, 'பொதி' என்று பொருள்படும் வேறோர் எழுத்தைத்தான் இன்று எழுதுகிறார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூலப்பொருள் புலப்படாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சமையற்கத்தி என்பது பிழையில்லை, அன்றாடத்துக்கு அதுவே போதும். ஆனாலும் ஹோச்சோவின் வேரைத் தொடும் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. மடை என்றால் சமையல், சோறு, படையல். கோயில் மடைப்பள்ளியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சமைப்பவருக்கு மடையன் என்று பெயர். மடமையிலிருந்து வந்து திட்டாக நிற்கும் மடையன் வேறு சொல், இந்தப் பழைய நல்ல சொல்லை அது மறைத்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. சமையற்கூடம், அங்கே பணிசெய்பவர், அவர் கருவி என்ற மூன்றையும் ஒரே வேரில் கட்டுவதால் ஹோச்சோவுக்கு மடைக்கத்தி என்பதே மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். நீர்மடை குறுக்கே வருமே என்றால், மடைப்பள்ளியை யாரும் மதகோடு குழப்பிக்கொள்வதில்லை.

வகைப் பெயர்கள் பெரும்பாலும் வேலையை அல்லது வடிவைச் சொல்பவை. நாகிரி என்றால் காய்கீரை அரிவது. யனாகிபா என்றால் வில்லோ மரத்தின் இலை போன்ற அலகு, பச்சை மீனை ஒரே இழுப்பில் சீவ உதவும் நீளக் கத்தி. மீன் தலையை வெட்டும் தடித்த டேபாவுக்கு 'முன்னே நீண்ட அலகு' என்று பொருள். அதை முதலில் செய்த சகாய் ஊர்க் கொல்லருக்கு எத்துப்பல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. கியூத்தோ என்பது மாட்டு வாள். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டது வெளியே தெரிந்த அந்தக் காலத்தில், மேற்கத்தியக் கத்தியைப் பார்த்து உருவானது.

வீட்டுக்கு முதல் கத்தி வாங்குபவருக்குப் பெரும்பாலும் சந்தோக்கு போதும். 'மூன்று நற்குணம்' என்று பொருள். இறைச்சி, மீன், காய்கறி மூன்றுக்கும் ஆகும் என்பார்கள். தமிழில் முக்குணக் கத்தி என்று எழுதினால் சத்துவம், ரஜஸ், தமஸ் நினைவுக்கு வந்துவிடும். முப்பயன் கத்தி என்பது தெளிவு. அலகு 165 முதல் 180 மில்லிமீட்டர் இருக்கும். யனாகிபா, டேபா போன்றவை ஒருபக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியவை. இடக்கைக்காரர் அவற்றைத் தமக்கென்று செய்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். முப்பயன் கத்தியின் வாயை இருபக்கமும் சாய்த்துத் தீட்டியிருப்பதால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது எஃகு. ஜப்பானிய மொழியில் எஃகுக்கு ஹகானே என்று பெயர். ஹா என்றால் அலகு, கானே என்றால் உலோகம். நம் 'எஃகு' உலோகத்தையும் கூரிய படைக்கலத்தையும் சேர்த்தே குறித்தது. பகைவரின் செருக்கை அறுக்க 'எஃகதனிற் கூரிய தில்' என்று பொருளைச் சொல்கிறது 759ஆம் குறள். இரு மொழியிலும் எஃகும் கூர்மையும் பிரியவில்லை என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. கடைகளில் ஷிரோகாமி, ஆவோகாமி என்று இரண்டு பெயர்கள் அடிபடும். வெள்ளைத் தாள், நீலத் தாள் என்று பொருள். எஃகுக்கு அந்த நிறம் கிடையாது, ஷிமானே மாவட்டத்து யசுகி ஊர் ஆலையில் அவற்றைப் பிரித்தறிய ஒட்டிய தாள்களின் நிறம் அது. வெள்ளை தூய கரிம எஃகு, எளிதில் தீட்டலாம். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்வதால் கூர் கூடுதல் நாள் நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். ஈரத்தைத் துடைக்க மறக்கும் வீடு என்றால் துருப்பிடிக்காத எஃகே நல்லது, அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது பாவ் டிங்கிடம் திரும்புவோம். இந்தக் கத்திகளின் எஃகு மிகக் கடினம், வாய் மிக மெல்லிசு. அதனால்தான் அந்தக் கூர், அதனால்தான் வாய் உடைந்து பல்பல்லாய்ப் போவதும். எலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய் ஓடு எதையும் கொத்தக் கூடாது. வெட்டிய இடத்தில் கத்தியைத் திருகக் கூடாது. நறுக்கியதைக் கூரால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். கண்ணாடிப் பலகையும் கல்மேடையும் ஆகாது, மரப்பலகை வேண்டும். எலுமிச்சை, புளி, தக்காளி பட்டால் கரிம எஃகில் உடனே கறை ஏறும், அரிந்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். பழகப் பழக அலகில் நீலச்சாம்பல் படலம் படியும். அது துரு இல்லை, தேய்த்து எடுக்காதீர்கள். செந்நிறமாக வருவதுதான் துரு.

கூர் மங்கினால் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்க வேண்டாம். சக்கரத்தின் சூட்டில், கொல்லர் காய்ச்சித் தோய்த்து எஃகுக்கு ஏற்றிய கடினம் போய்விடும். ஜப்பானியர் தொய்ஷி என்னும் தட்டையான கல்லில் நீர் விட்டுத் தீட்டுகிறார்கள். நமக்கு அது தீட்டுக்கல். எண் கூடக் கூடக் கல் நுண்மையானது: 1000 எண் கல் அன்றாடக் கூருக்கு, 3000க்கு மேற்பட்டது மெருகுக்கு. ஒரு பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய உலோகம் மடங்கி விரலுக்குத் தட்டுப்படும். காயேரி, அதாவது திரும்பி வருவது, என்று அதற்குப் பெயர். நாம் பிசிறு என்போம். பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். கடைசியில் லேசான கையால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிட்டால், தக்காளித் தோலில் அழுத்தாமலே கத்தி இறங்கும்.