ஊட்டிக்கு எதற்கு ஏசி?

"ஊட்டிக்கா? அங்க எதுக்கு சார் ஏசி?"

கோயம்புத்தூரில் கடைப் பையன் இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. ஏசி என்றால் குளிரவைக்கும் பெட்டி என்றுதான் சமவெளியில் எல்லோரும் பழகியிருக்கிறார்கள். நான் கேட்டது அறையைச் சூடாக்கும் ஏசி. கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்பார்கள். பொறியியலில் அதன் பெயர் ஹீட் பம்ப், அதாவது வெப்பத்தை இறைக்கும் பம்ப். சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செம்புக் குழாய். வீடு முழுக்கக் காற்றுக் குழாய் ஓட்ட வேண்டியதில்லை.

எங்கள் வீடு ஊட்டியில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே தண்ணீர்போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேட்டு வீடுகளைவிட எங்களுக்கு உறைபனி அதிகம். அம்மாவுக்கு முட்டி வலி. கம்பி ஹீட்டர் காலடியைச் சுடும், முதுகு குளிரும், கரண்ட் பில்லும் எகிறும். அக்கம்பக்கத்தில் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். மூடிய அறையில் கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போன செய்திகள் வந்திருக்கின்றன. தயவுசெய்து படுக்கும் அறைக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள்.

பம்ப் என்று சொன்னேன் அல்லவா? கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. ஹீட் பம்ப்பும் அப்படித்தான். வெளியே இருக்கும் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் ஊற்றுகிறது. 5 டிகிரிக் குளிரில் வெப்பம் எங்கே இருக்கிறது என்று தோன்றும். அது நம் உடம்புக்குத்தான் குளிர். மைனஸ் 273 டிகிரிக்கு இறங்கினால்தான் ஒரு பொருளில் எடுக்க வெப்பம் இல்லாமல் போகும். அந்தத் தரையிலிருந்து அளந்தால் நம் ஜனவரிக் காற்று 278 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

அதை எப்படி அள்ளுவது? மலையில் சமைக்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கரில் அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும். அழுத்தத்தை மாற்றினால் ஒரு திரவம் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். ஹீட் பம்ப்பின் சூட்சுமம் இவ்வளவுதான்.

குழாய்க்குள் ஓடுவது பெரும்பாலும் ஆர்-32 என்ற வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 52 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். உறைபனி விழும் இரவும் இதற்கு அடுப்புதான். வெளிப் பெட்டியின் சுருள்குழாயில் அழுத்தத்தைக் குறைத்து வைத்தால், குளிர்ந்த காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியை கம்ப்ரசர் இழுத்து அமுக்குகிறது. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிக்குழாய் சுடுவதுபோல ஆவியும் சூடேறுகிறது. ஆர்-32-ஐ 40 டிகிரியில் மீண்டும் திரவமாக்க, காற்றழுத்தத்தைப்போல சுமார் 25 மடங்கு அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தோடு அது உள் பெட்டிக்குப் போய், அங்கே திரவமாகும்போது, வெளியே வாங்கிய வெப்பத்தையும் கம்ப்ரசர் செலவழித்த மின்சாரத்தையும் சேர்த்து அறைக்குள் விடுகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வு வழியே வெளியேறி, அழுத்தம் இழந்து, மறுபடி குளிர்ந்த திரவமாகிறது. வெளிப் பெட்டிக்குள் நான்கு வாய் கொண்ட ஒரு வால்வு இருக்கும். அது நகர்ந்தால் ஓட்டம் திசை மாறும். சூடாக்கிய இயந்திரம் குளிரவைக்கும். வெறும் ஏசிக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்த வால்வுதான்.

இது புதிய யோசனையும் அல்ல. இப்படி ஒரு இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று இயற்பியலாளர் கெல்வின் 1852-லேயே எழுதிவிட்டார்.

கிணறு ஆழமானால் மோட்டார் திணறும். இங்கே ஆழம் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். வெளியே 5, உள்ளே 20 என்றால் ஏற்ற வேண்டியது 15 டிகிரி. நல்ல இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். கம்பி ஹீட்டரோ ஆயில் ஹீட்டரோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒன்றுக்கு ஒன்றுதான். அறையை 26-க்கு ஏற்றினால் கிணற்றை நீங்களே ஆழமாக்குகிறீர்கள். ஸ்வெட்டர் போட்ட ஆளுக்கு 19, 20 போதும்.

எங்கள் அறைக்கு நான் போட்ட கணக்கு இது. 12-க்கு 12 அடி, பத்தடி உயரம். இரண்டு பக்கம் வெளிச்சுவர், ஒன்பது அங்குலச் செங்கல். மேலே கான்கிரீட். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள். வெளியே 5, உள்ளே 20 என்றால் கூரை வழியாக சுமார் 650 வாட் வெப்பம் ஓடுகிறது. சுவர் வழியாக ஏறக்குறைய அதே அளவு. ஜன்னல் கண்ணாடியில் 190, இடுக்குகளில் நுழையும் காற்றால் 160. மொத்தம் 1,650 வாட். காலையும் மாலையுமாக ஏழு மணி நேரம் ஈடுகட்டினால் ஹீட்டருக்கு நாளுக்குப் பதினொன்றரை யூனிட், ஹீட் பம்ப்புக்கு நாலு யூனிட்டுக்குள். இரண்டு மாத பில்லில் இது 690 யூனிட்டுக்கும் 230 யூனிட்டுக்கும் உள்ள தூரம். நம் மின்வாரியத்தில் 500 யூனிட்டைத் தாண்டினாலே விலை விகிதமே வேறாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தக் கணக்கில் கூரையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தகரக் கூரை நேரடியாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். இயந்திரம் வாங்கும் முன் சீலிங் அடித்து அதற்கு மேல் தெர்மோகோல் பரப்பினோம், ஜன்னல் சட்டங்களின் இடுக்கை அடைத்தோம். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தடித்த புல் வேய்ந்து வில்லாக வளைந்த கூரை, தவழ்ந்து போகும் அளவுக்குச் சிறிய வாசல். இந்த மலையின் குளிரை அவர்களைவிட நன்றாகப் படித்தவர் யார்? முதலில் ஓட்டையை அடை, பிறகு இறை.

முதல் ஜனவரியில் ஒரு விடியற்காலை. சூடான காற்று திடீரென்று நின்றது. வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம். அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக் கத்தினார்: "டேய், வெளியில பொட்டி புகையுதுடா!" ஓடிப்போய்ப் பார்த்தேன். சுருள்குழாயின் அலுமினியத் தகடுகள் மேல் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. அது கீழ்ப்பகுதியில் உருகி வழிய, மேலே வெண்மூட்டமாக நீராவி. இயந்திரம் பழுதாகவில்லை, தன் மேல் படிந்த பனியை உருக்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இது. காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்ச, சுருள்குழாய் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 3 டிகிரியில் இருந்தால் குழாய் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஈரம் அதில் பனியாகப் படியும், தகடுகளின் இடைவெளி அடைபடும். அதனால் நான்குவாய் வால்வு சில நிமிடம் திசையை மாற்றி, உள்ளிருந்து வெப்பத்தை வெளியே அனுப்பிப் பனியை உருக்கும். வறண்ட பனிநாட்டின் மைனஸ் பத்து டிகிரியைவிட, மூடுபனியோடு வரும் நம்முடைய 2, 3 டிகிரி இந்த விஷயத்தில் மோசம். இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த நேரங்களில் மூன்று மடங்கு என்பது இரண்டரையாக இறங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

உருகிய தண்ணீர் எங்கே போகும்? அதைத்தான் பொருத்த வந்தவர் யோசிக்கவில்லை. சமவெளியில் தண்ணீர் சொட்டுவது உள் பெட்டியில் மட்டும். வெளிப் பெட்டிக்கு அவர் வடிகுழாய் வைத்ததே இல்லை. எங்கள் வாசல் கருங்கல் படியில் சொட்டிய தண்ணீர் விடிவதற்குள் கண்ணாடிபோல உறைந்திருந்தது. முட்டி வலிக்காரர் முதல் காலை வைக்கும் படி அது. அன்றே பெட்டியை இடுப்பு உயரத்துக்கு, காலை வெயில் விழும் சுவருக்கு மாற்றி, வடிகுழாயைத் தோட்டத்துக்கு இழுத்தோம்.

இப்போது வாங்குவதற்கு வருகிறேன். ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை இங்கே நம்பிப் பயனில்லை. அந்த மதிப்பெண் 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளி வெப்பநிலைகளில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் குளிரவைப்பதை வைத்துப் போடப்படுகிறது. சூடாக்குவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கேட்க வேண்டியது விவரத்தாளை. சர்வதேச முறைப்படி சூடாக்கும் திறனை வெளியே 7 டிகிரி, உள்ளே 20 டிகிரி வைத்துச் சோதிப்பார்கள். 2 டிகிரியில் ஒரு சோதனையும் உண்டு. நம் மலைக்கு அந்த இரண்டாவது எண்தான் உயிர். 'வெளியே இத்தனை டிகிரி வரை இயங்கும்' என்று ஒரு வரியும் இருக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் ஏழு வரையாவது போகாவிட்டால் ஊட்டிக்கு வேண்டாம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இன்வெர்ட்டர் வகையே எடுங்கள். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும்.

எத்தனை டன்? ஒரு டன் என்பது சுமார் மூன்றரை கிலோவாட். எங்கள் அறைக்குத் தேவை 1,650 வாட்தான். ஆனாலும் அரை டன் போதாது. 2 டிகிரியில் திறன் குறையும். மலைக்காற்று கடல்மட்டத்துக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே விசிறி குறைந்த எடையுள்ள காற்றையே தள்ளும். ஒரு டன் சரியாக இருந்தது. கடையில் ஒன்றரை டன்னைத்தான் நீட்டினார்கள். தேவைக்கு மீறிய பெட்டி அணைந்து அணைந்து எரியும், மின்சாரமும் வீண்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும். குளிரில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். சமவெளிப் பழக்கத்தில் 'கேஸ் பத்தல' என்று மேலும் மேலும் ஏற்றிவிடுவார்கள். சூடான காற்று மேலே போகும் என்பதால் உள் பெட்டியின் இதழ்களைக் கீழே திருப்பி வையுங்கள். பழைய பங்களாக்களின் பதினான்கடிக் கூரை என்றால் தரையோரம் வைக்கும் வகையைத் தேடுவது நல்லது.

மழை மாதங்களில் இதன் அருமை இன்னும் தெரியும். 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20-க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரையும் எடுக்காமலே ஈரப்பதம் 57 சதவீதத்துக்கு வந்துவிடும். சுவரில் பூசணம் பிடிப்பது நின்றது, துணி காய்ந்தது. குளிரவைக்கும் பொத்தானைத் தொட்டது ஒரே ஒரு முறை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவான நாட்களில், மதியம் இரண்டு மணி நேரம்.