கட்டுரையை அனுப்பும் முன் நூலகத்துக்கு ஓர் எட்டு வாருங்கள்

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வு மாணவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான்: "சார், இந்த ஜர்னல் நல்லதுங்களா, போலிங்களா?" போலி என்றால், கட்டுரையைப் படித்துப் பார்க்காமலே காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் ஆய்விதழ். அனுப்புவதற்கு முன் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பலர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆத்தூர் பக்கத்து மாணவி. ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைப் பற்றி ஆய்வு செய்கிறார். ஆலை ஆலையாக ஏறி இறங்கி மாதிரி சேகரித்தவர். மழையில் காயாமல் பூஞ்சை பிடித்தவற்றைக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தவர். அவர் காட்டிய மெயிலில், செவ்வாய் இரவு அனுப்பிய கட்டுரைக்கு வியாழன் காலையில் ஏற்புக் கடிதம் வந்திருந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்துப் பாராட்டினார்களாம். ஆனால் அவர்கள் சொன்ன கருத்து என்று ஒரு வரிகூட இல்லை. கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே கிராம் என்று வர வேண்டிய இடத்தில் கிலோ என்று இருந்தது. யாராவது ஒருவர் படித்திருந்தால்கூட அது கண்ணில் பட்டிருக்கும். மெயிலின் அடியில் க்யூஆர் கோடு, இரண்டு நாளுக்குள் கட்டினால் தள்ளுபடி, சான்றிதழ் இலவசம்.

"பணம் போனா போகுதுங்க சார், வேற ஜர்னல்ல போட்டுக்கிறேன்" என்றார். அதுதான் முடியாது. ஒருமுறை வெளியான கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்பக் கூடாது. நல்ல ஆய்விதழ் எதுவானாலும், இது வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையிலும் இல்லை என்று உறுதிமொழி வாங்கித்தான் உள்ளே விடும். போலி இதழிடம் கட்டுரையைத் திரும்பக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்பார்கள். கட்டினாலும் இணையத்திலிருந்து எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆலை வாசலில் நின்று சேர்த்த தரவு முழுவதும், யாரும் நம்பி மேற்கோள் காட்டாத ஓர் இடத்தில் புதைந்து போகிறது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

முறையான இதழில் என்ன நடக்கும்? இதழின் ஆசிரியர் முதலில் படிப்பார். பொருந்தவில்லை என்றால் அங்கேயே திருப்பி அனுப்புவார். பொருந்தினால் அந்தத் துறை தெரிந்த இருவர், மூவருக்குப் போகும். அவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காமல் படிப்பவர்கள். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். மாதிரியை எப்படி உலர்த்தினீர்கள், எத்தனை முறை அளந்தீர்கள் என்று குடைவார்கள். நிராகரித்தாலும் அந்தக் குறிப்புகள் கையில் இருக்கும். தீசிஸுக்கே அவை உதவும்.

மாணவர்கள் ஏமாறும் இடங்களில் முதலாவது ஐஎஸ்எஸ்என். "எண் இருக்குதுங்களே சார்" என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். உள்ளே என்ன அச்சாகிறது என்பதற்கு அது பொறுப்பல்ல. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது. அப்புறம் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண். அதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அதே மாதிரி ஒலிக்கும் பெயர்களில் காசுக்கு எண் கொடுக்கும் கடைகள் நிறைய. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கே தங்கள் பெயர் அங்கே இருப்பது தெரியாத இதழ்களும் உண்டு. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து நகல் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அவர்களிடம் மாட்டிக்கொள்வோம். ஸ்கோபஸ் பக்கத்தில் உள்ள பதிப்பாளர் பெயரும், மெயிலில் வந்த தள முகவரியும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகளை வைத்து ஒரு கற்பனை மருந்து ஆய்வை எழுதி 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு (யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடியவை) அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2019-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பு நிறுவனம், ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கும் மேல் கட்ட வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு வந்த யுஜிசி கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நல்ல இதழைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பு இப்போது கல்லூரியிடமும் பல்கலைக்கழகத்திடமும் இருக்கிறது. பிஎச்.டி. சமர்ப்பிக்கக் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற யுஜிசி விதி 2022-லேயே போய்விட்டது. ஆனாலும் தங்கள் விதியில் அதை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்களுடையது என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். இல்லாத அவசரத்துக்காகப் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

இனி சொல்லப் போவது ஆய்வை வழிநடத்தும் கைடுகளுக்கு. ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்குள் நடந்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைச் சுற்றளவு அளந்த ஒரு மாணவரின் கட்டுரையில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதல் இரண்டு பெயருக்கு உரியவர்கள் அந்தத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த அளவுகோல் தெளிவானது: ஆய்வில் கணிசமான பங்கு வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், தவறு வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். மற்றவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு. மரியாதைக்காகப் பெயர் போடுவது மாணவரின் உழைப்பைப் பறிப்பது. யார் பெயர் எங்கே என்பதை ஆய்வு தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். "முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்றால் மாணவரால் வாய் திறக்க முடியாது.

கருத்துத் திருட்டு பற்றி எல்லோருக்கும் தெரிந்தது 10 சதவீதம் என்ற எண் மட்டும்தான். யுஜிசியின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் மற்றவர்கள் எழுதியதோடு உள்ள ஒப்புமை 10-க்கு மேல் போனால் திருத்தி எழுத வேண்டும். 60-க்கு மேல் போனால் மாணவரின் பதிவே ரத்து. எண்ணைக் குறைக்க மென்பொருளில் போட்டு வார்த்தையை மாற்றுவதால் திருட்டு இல்லாமல் போய்விடாது. அடுத்தவரின் அட்டவணையையும் யோசனையையும் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் சதவீதம் பூஜ்யமாக இருந்தாலும் திருட்டுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாசிரியராகப் போடவும் முடியாது. பயன்படுத்தியிருந்தால் இதழ் கேட்கும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், சந்தேகமாக இருக்கிறது என்றால் பணம் கட்டாதீர்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மெயில் அனுப்பி, கைடுக்கும் நகல் போடுங்கள். வந்த மெயில் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். மிரட்டலாக வந்தால் பதில் எழுதாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததை இதழாசிரியருக்கான கடிதத்தில் மறைக்காமல் எழுதி, திரும்பப் பெற்ற மெயிலின் நகலையும் இணையுங்கள்.