ஓடும்போது வாட்ச் எண்ணுறது இதயத்தையா, காலையா?

"ஸ்மார்ட்வாட்ச்சை சும்மா ஒரு வாழைப்பழத்துல கட்டிப் பார்த்தேன் சார், ஹார்ட் ரேட் 78னு காட்டுது, அப்போ எல்லாமே டுபாக்கூரா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். சீனாவுல டாய்லெட் பேப்பர் ரோல்ல ஃபிட்னஸ் பேண்டைக் கட்டி இதையேதான் செஞ்சாங்க, இணையமே சிரிச்சுது. டுபாக்கூர்லாம் இல்லீங்க. வாட்ச் துடிப்பை நேரா எண்ணுறதில்ல, வெளிச்சத்தைப் பார்த்து கணக்குப் போட்டு ஊகிக்குது, அதுல வர்ற வினைதான் இது.

அடியில மினுக்குற பச்சை எல்இடியைப் பார்த்திருப்பீங்க. ஹீமோகுளோபின் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், இதயம் சுருங்குறப்போ மணிக்கட்டுத் தோலுக்கு அடியில ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் குறையும், பக்கத்துல இருக்கற சென்சார் அதைக் குறிச்சுக்கும், அவ்ளோதான். 1930கள்லயே வந்துட்ட ஐடியா இது. சிக்கல் என்னன்னா துடிப்பால மாறுற வெளிச்சம் மொத்தத்துல 1, 2 சதவீதம்தான் இருக்கும். உக்காந்திருக்கறப்போ அது போதும். வாழைப்பழத்துல அதுவும் இல்ல, ஆனாலும் சாஃப்ட்வேர் விடாது, கிடைக்கற இரைச்சல்லயே ஒரு தாளத்தைத் தேடிப் பிடிச்சு நம்பரா காட்டிடும்.

இப்போ ஓட ஆரம்பிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கை வீசுற ஒவ்வொரு தடவையும் வாட்ச் லேசா நகரும், தோல் அமுங்கும், வெளி வெளிச்சம் உள்ள கசியும், இதெல்லாம் சேர்ந்து உண்டாக்குற மாற்றம் துடிப்போட மாற்றத்தைவிட பல மடங்கு பெருசு, கெட்டிமேளம் கொட்டுறப்போ காதுல ரகசியம் சொன்ன மாதிரி. மேளமும் தாளத்தோட வர்றதுதான் வில்லங்கமே. நிமிஷத்துக்கு 170 அடி எடுத்து வைக்கிறீங்க, இதயம் 140 அடிக்குதுன்னு வைங்க, ரெண்டுமே ஒழுங்கான தாளம், அதுல 170தான் சத்தமா இருக்கு. சாஃப்ட்வேர் அதையே பிடிச்சுக்கிட்டு "170"னு காட்டும், நீங்க பதறிப்போவீங்க.

இதுக்கு வாட்ச்ல ஒரு வைத்தியம் உண்டு. காலடி எண்ணுறதுக்கு ஒரு ஆக்சிலரோமீட்டர், அதாவது அசைவை அளக்கற சென்சார், ஏற்கெனவே உள்ள இருக்கே, அசைவோட தாளம் என்னன்னு அதுக்குத் தெரியும், அந்தத் தாளத்தை மட்டும் வெளிச்ச சிக்னல்லேர்ந்து கழிச்சுட்டா மிச்சம் இருக்கறது இதயம். பிரமாதம்! ஆனா வேகத்தைக் கூட்டி இதயமும் 168, 170னு ஏறிடுச்சுன்னா? ரெண்டு தாளமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கும், காலைக் கழிக்கப் போனா இதயமும் சேர்ந்தே போயிடும். கொஞ்ச நேரத்துல ரெண்டும் பிரிஞ்சாலும் வாட்ச் தப்பான தாளத்துக்குப் பின்னாடியே போயிட வாய்ப்பிருக்கு. ஓடிட்டு நிக்கறப்போ நம்பர் திடீர்னு தொபுக்குன்னு விழுந்தா, அதுவரைக்கும் எண்ணினது காலைத்தானோன்னு சந்தேகப்படலாம்.

2017ல ஸ்டான்ஃபோர்டுல 60 பேரை வெச்சு 7 கருவிகளை சோதிச்சாங்க, 6 கருவிகள்ல ஹார்ட் ரேட் பிழை 5 சதவீதத்துக்குள்ள, பரவாயில்லையே! கலோரிதான் கேவலம், இருக்கறதுலயே நல்ல கருவிக்கே 27 சதவீதம் பிழை. அந்த கலோரி நம்பரையும் வாரபலனையும் நான் ஒரே தட்டுலதான் வைப்பேன். 2020ல டியூக் பல்கலைக்கழகத்துல 53 பேர்கிட்ட பார்த்தப்போ தோல் நிறத்தால பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா அசைவுல பிழை கூடுச்சு. 53 பேர்லாம் பத்தாதுங்கறது என் கருத்து, நம்மூர் வெயில்ல, வியர்வைல, நம்ம தோல் நிறங்கள் அத்தனையும் வெச்சு நம்ம காலேஜ்கள் இதைப் பண்ணணும், ஒரு திருவிழா பேனர் செலவுல ஆரம்பிச்சுடலாம்.

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேல ஏத்தி, ஓடுறப்போ மட்டும் ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டுங்க. குளிர்ல தோல்பக்கம் ரத்த ஓட்டம் குறையும், சிக்னலும் குறையும். டம்பெல் தூக்குறப்போ மணிக்கட்டு மடங்குறதால நம்பர் தாறுமாறாத்தான் வரும், துல்லியமா வேணும்னா இதயத்தோட மின்சாரத்தையே நேரா பிடிக்கற நெஞ்சுப் பட்டைதான் சரி. காசு செலவு வேண்டாமா, நின்னதும் கழுத்துல விரலை வெச்சு 15 செகண்ட் எண்ணி 4ஆல பெருக்கிக்கோங்க.